உள்ளே பிடிக்கிற ஆள்

ஒரு தட்டு. சரி, வைத்துவிட்டார். தகட்டின் துளை வழியாக ரிவிட் ஆணியின் வால் அரை விரற்கடை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கிறது, நான் டாலியை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு இடது கை மோதிரத்தால் பில்லர் என்கிற சட்டத்தில் ஒரு தட்டு தட்டுகிறேன், பிடித்திருக்கிறேன், அடிங்க என்று. டாலி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, உள்ளங்கையில் அடங்குகிற இரும்புக் கட்டை, ஒன்றரைக் கிலோ. வெளியே அண்ணன் ரிவிட்டின் தலையில் சுத்தியலால் அடிக்க, உள்ளே அதன் வால் இந்த இரும்பில் மோதி நசுங்கி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான் வேலை. அடிக்கிறவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது, நடுவில் ஒரு தகடு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவது அடி எப்போதும் கொஞ்சம் மெதுவாக விழும், ஐந்து. முழங்கை வரைக்கும் அதிர்கிறது, அங்கேயே நின்றால் பரவாயில்லை, தோளில் போய்க் குத்துகிறது. தோள் உறைந்துபோய்விட்டது என்று டாக்டர் சொன்னார். கரூர் வெயிலில் உறைந்துபோன ஒரே பொருள் என்னுடைய தோள்தான். இந்த வண்டியின் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து பத்து மணிக்கே முதுகெல்லாம் ஆறாக ஓடுகிறது. இந்த வரிசை முடிந்ததும் சொல்லிவிடுவேன். கதவுப் பில்லரில் மொத்தம் இருபத்திரண்டு ரிவிட், மூன்று அங்குலத்துக்கு ஒன்று, மேலிருந்து கீழே, இது ஐந்தாவது. இருபத்திரண்டும் முடிந்ததும் வெளியே போய், தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுத்து, அண்ணா, இப்படி உக்காருங்க, பதினொன்றரைக்கு ஒரு கார் வரும், பெருந்துறைப் பக்கம் ஒரு இடம் இருக்கிறது, அங்கே உங்களைப் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் கொஞ்ச நாளைக்கு. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லக் கூடாது. அது பொய். ஒரு பொய்யும் இல்லாமல் சொல்ல வேண்டும் என்றுதானே விடியற்காலையிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு தட்டு. நன்றாக உட்கார்ந்துவிட்டதாம், அடுத்தது. டாலியைக் கீழே இறக்குகிறேன். ஆறு.

அம்மிணி, உனக்குக் காது நல்லாக் கேக்குமா? அப்படித்தான் கேட்டார் அன்றைக்கு. எண்பத்தொன்றாம் வருஷம், எனக்குப் பதினாறு. ஊரில் சர்க்கஸ் வந்திருந்தது, அதன் மேனேஜர் அச்சுதன் என்று ஒரு மலையாளி, லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற மாதிரி ஒரு வீட்டு வண்டி வேண்டும் என்று வந்து நின்றார், உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஆளுயரக் கண்ணாடி, பத்து நாளில் வேண்டும். அண்ணன் பஸ் பாடி கட்டுகிற பட்டறையை விட்டு வந்து தனியாகத் தொழில் ஆரம்பித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இருபத்துநாலு வயது மிதப்பு, எட்டே நாளில் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். மறுநாளே உள்ளே டாலி பிடிக்கிற ஆளுக்கு அம்மை போட்டுவிட்டது. அப்போதுதான் வீட்டுக்கு வந்து, பாவாடையைச் சொருகிக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் காது கேட்குமா என்று கேட்டார். கை பலத்தைக் கேட்கவில்லை. தகட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கத்தினால் ரெண்டு பேருக்குமே கேக்காது அம்மிணி, பேச்சே வேண்டாம், நான் ஒண்ணு தட்டினா வெச்சிட்டேன்னு அர்த்தம், நீ ஒண்ணு தட்டினா புடிச்சிட்டேன்னு அர்த்தம், ரெண்டு தட்டினா அடுத்தது, மூணு தட்டினா வேலை முடிஞ்சுது, வெளியே வா. வேறு யாருக்கும் புரியாத ஒரு பாஷை எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் எட்டு நாளும் வண்டிக்குள்ளேயே கிடந்தேன். கடைசி நாள் இதே கதவுப் பில்லரில், சிவப்புப் பெயிண்ட் காய்வதற்குள் ஆணியால் என் பெயரைக் கீறி வைத்தேன், துளசிமணி. திட்டுவார் என்று நினைத்தேன், பார்த்துவிட்டு, எம்பேரை எழுதாம உட்டுட்டியே என்றார். பிறகு எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது, முப்பத்தாறு வருஷம் முகம் தெரியாதவர்களின் குரலைப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தேன். காதை வைத்துப் பிழைத்தவள்தான் நான், அண்ணன் அன்றைக்குக் கொடுத்த வேலையே கடைசி வரைக்கும். ஒரு தட்டு. ஒரு தட்டு. அடிங்க.

எட்டு, ஒன்பது. ஒன்பதாவது லேசாகக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, இருக்கட்டும். கோணலைச் சொல்கிற வழக்கத்தை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. போன வருஷம் கோயம்புத்தூர் டாக்டர் அண்ணனுடைய மூளைப் படத்தையெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், ஞாபகம் இனிமேல் திரும்பாதும்மா, ஆனால் கை அவ்வளவு சீக்கிரம் மறக்காது, தெரிந்த வேலையாகக் கொடுங்கள் என்று. தெரிந்த வேலை என்றால், அறுபத்தெட்டு வயது மனுஷனுக்கு நான் எங்கே போய் பஸ் பாடி கொண்டுவருவேன். அப்படி இருக்கும்போதுதான் பழைய தண்ணீர்த் தொட்டியை எடைக்குப் போடலாமென்று கோவை ரோட்டு இரும்புக் கடைக்குப் போனேன், பின்னால் இந்த வண்டி நிற்கிறது, சக்கரம் பாதி மண்ணுக்குள், உள்ளே கோழி அடைந்திருக்கிறது, கதவுப் பில்லரில் துருவுக்கு நடுவே மூன்று எழுத்து. ளசிம. மற்றதெல்லாம் தின்றுபோய் ளசிம மட்டும். அந்த இடத்திலேயே நின்று ஓவென்று அழுதேன், கடைக்காரர் பயந்துபோய் சோடா வாங்கிக் கொடுத்தார். சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற கேரவன் மாதிரி ஆக்கிவிடலாம், எதற்குங்க அழுகிறீர்கள் என்றார். கேரவன் என்ற பெயரே அப்போதுதான் இதற்கு வந்தது. கிரேன் வைத்துத் தூக்கி வந்து எங்கள் வீட்டுப் பின்பக்கம் புங்க மரத்தடியில் நிறுத்தினேன். முதல் மாதம், அடடா, அண்ணன் அண்ணனாகவே இருந்தார். பழைய தகட்டைப் பிரித்தார், துருவைச் சுரண்டினார், சட்டத்துக்குச் சிவப்புப் பூசினார், மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போட்ட ஒரே பட்டையை மாதிரியாக வைத்து எல்லாத் தகட்டுக்கும் எல்லாப் பில்லருக்கும் குறி போட்டார். நான் நம்பினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். இதை முடித்து, லாரியில் கட்டி, கன்னியாகுமரி வரைக்கும் ஒரு தடவை போய்வரலாம் என்றுகூட மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன். கர்நாடகத்தையே தாண்டப் போகிறவள் மாதிரி இரண்டு மெத்தைக்கு அளவெடுத்தேன்.

அப்புறம் ஜன்னலைத் தப்பான அளவில் வெட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். அண்ணா, இது தப்பாப் போச்சுங்களே என்றேன், சாதாரணமாகத்தான் சொன்னேன், உப்பு கூடிப்போச்சு என்கிற மாதிரி. அண்ணன் தகட்டைப் பார்த்தார், தன் இடது கையைப் பார்த்தார், குறி போட்ட கை அது, அதைத் தரையில் வைத்து, இந்தக் கைதான், இந்தக் கைதான் என்று வலது கைச் சுத்தியலால் அடித்தார். இரண்டு அடி விழுந்த பிறகுதான் என்னால் பிடிக்க முடிந்தது. நடுவிரல் நகம் இன்னும் முழுசாக முளைக்கவில்லை. அன்றிலிருந்து தப்பு என்ற வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. யாரும் என்றால் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள். டிரில்லை வாங்கி என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், இதோ இப்போதும் இருக்கிறது. காலையில் அவர் அடிப்பார், நான் பிடிப்பேன், கோணலோ நேரோ. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணியிலிருந்து நாலு வரைக்கும் தூங்குவார். அந்த நேரத்தில் நான் வந்து டிரில் போட்டு ரிவிட்டையெல்லாம் எடுத்து, தகட்டை நேராக்கிச் சாய்த்து வைத்துவிடுவேன். மறுநாள் காலையில் புதுசாகப் பார்ப்பார், அட, இது இன்னும் அடிக்காமயே கெடக்குது என்பார். முன்பக்கத் தகடு இதுவரை பதினோரு தடவை அடித்தாகிவிட்டது. துளையெல்லாம் தளர்ந்துபோய்விட்டது, எத்தனை தடவைதான் ஒரே துளை தாங்கும். இந்த வண்டி முடியப்போவதில்லை. முடியக் கூடாது என்று முதலில் நானே நினைத்தேன், முடிந்துவிட்டால் அப்புறம் அவர் கைக்கு என்ன கொடுப்பது. இப்போது அப்படி இல்லை. இப்போது எப்படியாவது முடிந்தால் போதும் என்று இருக்கிறது, எது முடிந்தாலும் சரி. பதின்மூன்று. பதினாலாவது ரிவிட் சரியாக ளசிம பக்கத்தில் வருகிறது, விரலால் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டே டாலியை வைக்கிறேன். காலையில் காபி கொடுக்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்து, நீங்க ஆரு ஊட்டு அம்மிணிங்க என்று கேட்டார். நான் துளசிண்ணா என்றேன். துளசி பள்ளிக்கூடம் போயிருக்குதுங்களே, நாலரைக்குத்தான் வரும் என்றார், மரியாதையாக. மரியாதைதான் தாங்க முடியவில்லை. என்னை வாங்க போங்க என்று அண்ணன் சொல்லக் கேட்கவா அறுபது வருஷம் இருந்தேன்.

இரண்டு தட்டு. அடுத்தது. எங்கே, வால் வரவில்லையே, ரிவிட்டைத் தேடுகிறார் போலிருக்கிறது. தேடட்டும். மாசி மாதம் நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். இரண்டு நாள். என் மகள் சிந்துஜா ஓசூரிலிருந்து ஓடி வந்து போலீஸ் ஸ்டேஷன் வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தார். நிற்கிற பஸ் ஒவ்வொன்றுக்கும் போய், பக்கவாட்டில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்பாராம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த பஸ். எவனோ பைத்தியம் என்று அடித்திருக்கிறான், உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். நான் போய் நின்றதும் அன்றைக்கு என்னைத் தெரிந்தது, அதுவும் ஒரு கொடுமை. உள்ள ஆளே இல்லாம எல்லா வண்டியும் ஓடுது அம்மிணி என்றார், ரொம்பக் கவலையோடு. அதற்கப்புறம் கேட்டுக்குப் பூட்டு, பூட்டினால் சுவர் ஏறுகிறார். கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து போகிறார். இரவெல்லாம் நான் காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன், ஒரு கதவு கிரீச்சென்றால் எழுந்து ஓடுகிறேன். எனக்கு அலுத்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிஜம் அதுதான், சிந்துஜா வற்புறுத்தினாள் டாக்டர் சொன்னார் என்பதெல்லாம் மேல்பூச்சு, எனக்குத் தூங்க வேண்டும், ஒரு ராத்திரி யாருக்கும் காது கொடுக்காமல் தூங்க வேண்டும், அதற்காகத்தான் திங்கட்கிழமை அந்தப் பெருந்துறை இல்லத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அங்கே இருக்கிற நர்ஸம்மா நல்ல மாதிரி, போனில் சொன்னாள், நாங்க வர்ற நேரத்துல நீங்க முன்னாடி நிக்காதீங்கம்மா, உங்களைப் பாத்தா வரமாட்டாங்க, நீங்களும் உட மாட்டீங்க, நெறைய ஊட்டுல சொந்தக்காரங்க உள்ள போயி உக்காந்துக்குவாங்க, பையை மட்டும் வாசல்ல வெச்சிருங்க போதும் என்றாள். அப்படியெல்லாம் அனுப்ப எங்க அண்ணன் பார்சல் இல்லீங்க, நான் சொல்லித்தான் அனுப்புவேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். பை வாசல் நாற்காலியில்தான் இருக்கிறது. நாலு வேட்டி, துண்டு, மாத்திரை, சவர சாமான். சின்னச் சுத்தியல் ஒன்றை வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

ஒரு தட்டு. வந்துவிட்டதா, சரி, பதினெட்டு. என்ன திடீரென்று மங்கிவிட்டது, மேகமா, சித்திரையில் ஏது மேகம். சற்று முன் தகட்டை இழுக்கிற சத்தம் கேட்டது, வெயிலுக்கு எதையாவது மறைவாக வைத்திருப்பார். கதவு இன்னும் மாட்டவில்லை, கீல் பிய்ந்து மரத்தடியில் சாய்ந்து கிடக்கிறது, கதவு இடத்தில் அனல் அடிக்காமல் இருக்க என் பழைய சேலையை நனைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அதன் வழியாக வருகிற வெளிச்சம்தான் இந்தக் கூண்டுக்கே வெளிச்சம், மற்றபடி மேலே கூரையில் ஓரடிச் சதுரத்தில் கம்பிவலை போட்ட ஒரு ஓட்டை. அன்றைக்கு வெட்டிய தகட்டை மாற்றிவிட்டதால் இந்தப் பக்கம் இப்போது ஜன்னல் இல்லை, அந்தப் பக்கத்துப் பழைய ஜன்னல்கள் துருப்பிடித்துத் திறக்கவே மாட்டேன் என்கின்றன. பத்தொன்பது. என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொள். அண்ணா, உங்களுக்கு உடம்பு சரியில்லை. இல்லை. அண்ணா, எனக்கு உடம்பு சரியில்லை. அது பொய் இல்லை, தோள் இருக்கிறதே. ஆனால் எனக்குச் சரியில்லை என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாரே. இருபது. அண்ணா, நான் உங்களை விட்டுவிடப் போகிறேன். அதுதான் சரியான வாக்கியம். அதைச் சொல்கிற வாய் எனக்கு இல்லை. இருபத்தொன்று. இன்னும் ஒன்றுதான் இருக்கிறது, ஒரு ரிவிட்டுக்கு ஐந்து அடி, அதற்குப் பிறகு சாக்கு இல்லை, வியர்வையில் டாலி வழுக்குகிறது. மெதுவாக அடிங்கண்ணா. இருபத்திரண்டு. இரண்டு தட்டு கேட்கிறது. இரண்டா? அடுத்தது என்று அல்லவா அர்த்தம், இந்தப் பில்லரோடு இந்தப் பக்கம் முடிந்துவிட்டதே, மூன்றுதானே தட்ட வேண்டும்.

ஒரு தட்டு. சத்தம் எனக்கு நேராக இல்லை, இரண்டடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கத்துப் பில்லரில். திரும்பிப் பார்க்கிறேன், அங்கே ஒரு வால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சேலையை விலக்கினேன். வாசல் இல்லை. புது அலுமினியத் தகடு, மறுபக்கத்துப் பின்கோடிக்கென்று குறுகலாக வெட்டி வைத்திருந்தது, வாசல் நெடுக நின்று பளபளவென்று இருக்கிறது, என் முகம் அதில் கலங்கலாகத் தெரிகிறது. ஒரே மாதிரிப் பட்டையில் குறி போட்டதால் துளைக்குத் துளை அப்படியே பொருந்திவிட்டது. இருபத்திரண்டு ரிவிட்டில் கடைசி ஐந்தையும் இந்தத் தகட்டுக்கும் சேர்த்துத்தான் நான் பிடித்திருக்கிறேன். என்னை உள்ளே வைத்து அடைப்பதற்கு நானே டாலி பிடித்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, சத்தியமாகச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு வாயைத் திறந்தேன், அண்ணா, இது வாசல், என்று சொல்ல. வார்த்தை வெளியே வரும் முன்னாலேயே அந்த இடது கை மனக்கண்ணில் தெரிந்தது, பாதி முளைத்த நகம், வலது கையில் இப்போதும் சுத்தியல் இருக்கிறது. சொன்னால் எந்தக் கையை அடிப்பார். பேசாமல் இரு, மத்தியானம் தூங்கும்போது பிரித்துக்கொள்ளலாம், டிரில் பக்கத்தில்தான் இருக்கிறது, பத்து நிமிஷ வேலை. மத்தியானம் அவர் இங்கே இருக்க மாட்டார். அந்த நினைப்பு வந்ததும் டாலியை மடியில் இறக்கி வைத்தேன். ஒரு தட்டு, மறுபடியும். உள்ளே இருக்கிற ஆள் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்கிறார். திண்டுக்கல்லில் இப்படித்தானே கேட்டுக்கொண்டு நின்றிருப்பார். நகர்ந்து போய் டாலியை வைத்தேன். ஒரு தட்டு தட்டினேன். அடிங்கண்ணா.

இந்தப் பக்கம் அவர் வரிசையாக அடிக்கவில்லை, முதலில் ஆறு இடத்தில் மட்டும் அடித்துத் தகட்டை நிறுத்துகிறார், அது முறைதான், கை மறக்கவில்லை. இரண்டு முடிந்தபோது கார் சத்தம் கேட்டது. பதினொன்றரை ஆகவே இல்லை, முன்கூட்டியே வந்துவிட்டார்கள். கேட் திறக்கிறது, அவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பூட்டாமல் விட்டிருந்தேன், செருப்புச் சத்தம் இரண்டு ஜோடி. வீட்டுக்குள் என் போன் அடிக்கிறது, சார்ஜில் போட்டுவிட்டு வந்தேன், அடித்து அடித்து ஓய்கிறது. எடுக்காத மணியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் பிறவியிலேயே இல்லாத பழக்கம். எடுக்க மாட்டேங்கறாங்க, உள்ள உக்காந்துட்டாங்க போல, பை வாசல்ல இருக்குது பாருங்க என்று நர்ஸம்மா குரல். பின்பக்கம் வருகிறார்கள். ஐயா, வணக்கமுங்க, நல்லா இருக்கீங்களா? சுத்தியல் நின்றது. வாங்க, வண்டி பாக்க வந்தீங்களா, இன்னும் முடியலீங்க, நாலு ரிவிட்டு இருக்குது, முடிச்சுப்போட்டு வந்தர்றேன். செய்யுங்க செய்யுங்க, நாங்க இருக்கறம் என்கிறாள் அவள். நான் கத்தியிருக்கலாம். இப்போது கத்தலாம். கத்தினால் ஓடி வருவார்கள், தகட்டைப் பிரிப்பார்கள், தங்கச்சியை உள்ளே வைத்து அடைத்துவிட்டோம் என்று அண்ணனுக்குத் தெரியும், இந்த வீட்டில் அவர் கடைசியாகத் தெரிந்துகொண்டது அதுவாக இருக்கும். அதனால்தான் கத்தவில்லை. அது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. அவர் முகத்துக்கு நேராக நின்று அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று, இந்தத் தகடு வந்து நின்ற நிமிஷத்திலேயே என் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது, நிம்மதி மாதிரி. இரண்டில் எது நிஜம் என்று என்னையே கேட்டால் இரண்டாவதுதான். எவ்வளவு அழகாக அடைத்துக் கொடுத்துவிட்டார் என் அண்ணன். உள்ளே போய் உக்காந்துக்குவாங்க என்று நர்ஸம்மா சொன்னபோது எனக்கு எவ்வளவு கோபம் வந்தது.

ஒரு தட்டு. ஒரு தட்டு. மூன்றாவது. சேலைக்கு இனி வேலை இல்லை, இழுத்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன், கூரை ஓட்டையிலிருந்து ஒரு சதுர வெளிச்சம் மட்டும் என் முழங்காலில் கிடக்கிறது. நாலாவது. தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது, கழலட்டும். ஐந்தாவதை நன்றாகப் பிடிக்க வேண்டும், இவ்வளவு நாளில் பிடிக்காத மாதிரி. ஆறு. தட்டினார், தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவது கொஞ்சம் மெதுவாக, ஐந்து. முடிந்தது.  பிறகு மூன்று தட்டு. நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு. வேலை முடிந்தது, வெளியே வா.

ஐயா, போலாமுங்களா? டீ சாப்பிட்டுப் போட்டு அப்படியே போலாம் என்கிறாள் நர்ஸம்மா. இருங்க அம்மிணி, உள்ள ஆளு இருக்குது, அதும் வரட்டும், காலையிலிருந்து வெறும் வயித்துல புடிக்குது என்கிறார் அண்ணன். ஆரு ஐயா உள்ள? பேரு வரமாட்டேங்குதுங்க. நல்லாப் புடிக்கும். மறுபடியும் மூன்று தட்டு. என் முகத்துக்கு நேராக, தகட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சாண்கூட இருக்காது. மூச்சுக்கூடக் கேட்கிறது எனக்கு, காது வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். என் கை தானாகவே எழுந்துவிட்டது, மோதிர விரல் தகட்டுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் நிற்கிறது. டிரைவர் போலிருக்கிறது, கனத்த செருப்பு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறான். ஐயா, கதவே இல்லீங்களே, கதவில்லாம எப்படிங்க உள்ள ஆளு போவும்? அண்ணன் யோசிக்கிறார். தட்டு, இப்போதே தட்டு, ஒன்றே ஒன்று. அட, ஆமாங்க என்றார் அண்ணன். அவர் சிரித்தார். ஒரு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு, எண்பத்தொன்றில் கேட்ட அதே சிரிப்பு. ஆளே இல்லாத வண்டிக்கா இத்தனை நேரம் அடிச்சுட்டு இருந்தேன்? சுத்தியலைக் கீழே வைத்தார். நர்ஸம்மா அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும், அடிபட்ட விரலைப் பார்த்திருக்க வேண்டும், இது என்னங்கய்யா இப்படி என்கிறாள், குரல் தூரத்தில் போகிறது. கேட். கார்க் கதவு ஒன்று, இன்னொன்று. வண்டி பின்னால் எடுத்து, திரும்பி, மாரியம்மன் கோயில் முனையில் ஹாரன் அடித்து, அப்புறம் ரோட்டு இரைச்சலில் எது அந்தச் சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. என் காதுக்கே பிரிக்க முடியவில்லை.

டிரில் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எடுக்கவில்லை. கடைசி ரிவிட்டின் வாலைத் தொட்டுப் பார்த்தேன், அடிபட்ட சூடு இன்னும் இருந்தது, நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது. சூடு ஆறுகிற வரைக்கும் விரலை எடுக்காமல் இருந்தேன். அதற்குப் பிறகு தகட்டில் ஒரு தட்டு தட்டினேன். பிடித்திருக்கிறேன், அடிங்க என்று அதற்கு அர்த்தம்.